முதலில் புதுவைக் கடல், பிறகு பவழத்தீவு

புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் மாலைதோறும் வந்து கூடுகிற ஆயிரக்கணக்கான ஜனங்கள், காந்தி சிலையருகே நின்று கடலைப் பார்த்து, காற்று வாங்கி, சுண்டலோ ஐஸ்கிரீமோ தின்றுவிட்டு வீடு திரும்புகிறார்களேயன்றி, அந்தக் கடலுக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று யோசிப்பவர் அவர்களுள் மிகச் சிலரே. அப்படி யோசிக்கிற சிலருக்கும், உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டுமென்ற ஆசை உண்டானதும் மனம் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் பறந்துவிடுகிறது. நானும் இவ்வூரில் பிறந்து வளர்ந்து, நடுவயதைத் தாண்டிய பிறகே ஸ்கூபா என்னும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டவன். பிற்பாடு அந்தமானின் ஹாவ்லாக் தீவுக்கும், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரிலுள்ள புறாத்தீவுக்கும் போய்ப் பவழப்பாறைகளைக் கண்ணாரக் கண்டு வந்தவன். அந்த அநுபவத்தின் பேரில் ஒன்றை நிச்சயமாகச் சொல்வேன்: பவழத்தீவின் அழகை முழுமையாக அநுபவிக்க விரும்புகிறவர், அதற்குரிய பயிற்சியைக் கலங்கலும் நீரோட்டமும் நிறைந்த நம் புதுவைக் கடலில் முடித்துக்கொண்டு, தேர்ந்த கண்ணோடும் அடங்கிய மூச்சோடும் தீவுக்குப் புறப்படுவதே உத்தமம்.

நம் கடலின் சுபாவம்

புதுவைக்கு எதிரே பவழத்தீவு எதுவும் கிடையாது. சாலையோரமாகக் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள், 1980களில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துக்கொள்ள, வடக்கேயுள்ள கரை அரித்துப்போனதன் விளைவாக ஊரைக் காக்கப் போடப்பட்டவை. இழந்த மணலை மீட்பதற்காகத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2018-ஆம் ஆண்டில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவமான பெரிய எஃகுக் கட்டுமானமொன்றை நீருக்கடியில் இறக்கி வைத்த பின்னர் ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. ஆயினும் அங்கே முகமூடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்க நினைப்பது விபரீதம். கல்லிடுக்கில் அடிக்கும் அலையும், கரையை விட்டு இழுத்துச் செல்லும் நீரும் நீச்சல் தெரிந்தவரையும் விட்டுவைப்பதில்லை.

உண்மையான புதுவைக் கடலைக் காண்பதற்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் படகேறிச் சில கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். அங்கே சுமார் 18 மீட்டர் ஆழத்தில், மணற்பரப்பின்மீது கான்கிரீட்டையும் கல்லையும் இன்ன பிறவற்றையும் இறக்கி உண்டாக்கிய செயற்கைப் பாறைத்திட்டு ஒன்று இருக்கிறது. முக்குளிப்பவர்கள் அதை டெம்பிள் ரீஃப் என்பார்கள். இன்னும் அப்பால், 30 மீட்டருக்கும் கீழே, இயற்கையான பாறைச் சரிவுகள் இருக்கின்றன. அவை முறையாகத் தேர்ந்தவர்களுக்கு மாத்திரமே உரியவை. கல்லும் இடுக்கும் கிடைத்த இடமெல்லாம் மீன்கள் குடியேறிவிடுகிற இரகசியத்தை எங்கள் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள்; அப்படிப்பட்ட இடத்தை அவர்கள் 'பார்' என்பார்கள்; எந்தப் பார் எந்தத் திசையில் கிடக்கிறதென்பதைக் கரையிலுள்ள கலங்கரை விளக்கத்தையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒன்றுக்கொன்று நேர்ப்படுத்திக் கணக்கிட்டுச் சொல்லும் சாமர்த்தியமும் அவர்களுக்கு உண்டு.

இந்தக் கடலை லேசாக எண்ணிவிடக் கூடாதென்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1761-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பற்படையின்மீது மோதிய புயலில் ஸண்டர்லாண்டு முதலான போர்க்கப்பல்கள் ஆட்களோடு மூழ்கிப்போயின. பிரெஞ்சுக்காரர் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது. எஞ்சிய தூண்கள் காந்தி சிலைக்கு எதிரே இன்றும் அலையில் நனைந்தபடி நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று கிளம்பிவிட்டால் முக்குளிப்பு என்ற பேச்சையே எடுக்காமல், தை கழிந்து கடல் அடங்கும்வரை பொறுத்திருப்பதே விவேகம். மாசியிலிருந்து சித்திரை வரையில் தண்ணீர் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அப்போதும் ஒருநாள் இருபது மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிற கடல், மறுநாள் நீரோட்டம் திரும்பியவுடன் நீட்டிய கையைக்கூட மறைக்கிற கலங்கலாகிவிடக் கூடும். நீரோட்டத்தை எங்கள் மீனவர்கள் வெள்ளம் என்பார்கள். திசைக்கொரு பெயரும் அதற்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் எந்தப் பக்கம் போகிறதென்று படகோட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒருபோதும் நீரில் இறங்குவதில்லை.

இப்படிப்பட்ட கடலில் கற்றுக்கொண்டவனுக்குப் பவழத்தீவின் தெளிந்த நீர் பெரிய சலுகையாகத் தோன்றுகிறது. தெளிந்த நீரில் மட்டும் கற்றுக்கொண்டவனுக்கோ முதல் கலங்கலிலேயே நெஞ்சு படபடக்கிறது.

காதும் மூச்சும்

ஆதிகாலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள், கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் கடலடிக்குப் போய்ச் சிப்பியை வாரிக்கொண்டு மேலே வந்தார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்ன் 1870-இல் வெளியிட்ட ஆழ்கடல் நாவலில், காப்டன் நீமோ அந்த மன்னார் கடலிலேதான் ஓர் ஏழை முத்துக்குளிப்பவனைச் சுறாவினிடமிருந்து காப்பாற்றுகிறான். நாவலாசிரியரின் கற்பனையில் இருந்த, நீருக்கடியில் மூச்சு விட்டபடி உலவும் சுதந்தரம், 1943-ஆம் ஆண்டில் ஜாக் கூஸ்தோ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எமில் காஞ்யான் என்னும் எஞ்சினீயரும் சேர்ந்து உருவாக்கிய கருவியினால் சாதாரண மனிதருக்கும் கைகூடிற்று. யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுவதற்காகக் காஞ்யான் செய்திருந்த வால்வையே அவர்கள் நீருக்கடியில் மூச்சு விடுவதற்கேற்ப மாற்றியமைத்தார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருவதே அதன் விசேஷம். ரெகுலேட்டர் என்று இன்று நாம் வாயில் கவ்விக்கொள்வது அதன் வாரிசுதான்.

அழுத்தம் என்ற இந்த ஒரு சொல்லுக்குள் முக்குளிப்பின் சாஸ்திரமெல்லாம் அடங்கியிருக்கிறது. பத்து மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகி, பதினெட்டு மீட்டரில் ஏறக்குறைய மூன்று மடங்கை நெருங்கிவிடுகிறது. முதலில் அதை உணர்வது காது. ஆகையால், வலி தோன்றிய பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவது என்று வைத்துக்கொள்ளாமல், தலை நீருக்குள் மறைந்த கணத்திலிருந்தே ஒவ்வோர் அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்க வேண்டும்; அடைப்பு விடாவிட்டால் சற்று மேலேறி மறுபடியும் முயல வேண்டும்; பலவந்தம் கூடாது. சளி பிடித்திருக்கும்போது, பணம் கட்டியாகிவிட்டதே என்ற காரணத்துக்காக இறங்குவது செவிப்பறையைப் பணயம் வைப்பதாகும். ஆஸ்துமா, இருதய நோய், காதில் முன்னால் செய்த அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவப் படிவத்தில் உள்ளபடியே எழுதி, டாக்டரின் எழுத்துமூலமான சம்மதத்தைப் பெற்ற பிறகே இதைப் பற்றி நினைக்கலாம்.

இரண்டாவது விதி எல்லாவற்றிலும் தலையாயது: சிலிண்டரிலுள்ள காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கும்போது மூச்சை எக்காரணம் கொண்டும் அடக்கக் கூடாது. மூச்சடக்கி மேலே எழும்பினால் நுரையீரலிலுள்ள காற்று விரிவடைந்து பெரிய ஆபத்தை உண்டாக்கும். சில அடி உயரமே அதற்குப் போதும். பழைய முத்துக்குளிப்பவர் மூச்சடக்கிப் போனது மேற்பரப்புக் காற்றோடு. நாம் சுவாசிப்பது ஆழத்தின் அழுத்தம் ஏறிய காற்று. இந்த வேற்றுமையை மனத்தில் பதித்துக்கொள்ளாதவரை கற்றதெல்லாம் வீண்.

காற்றின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமாகத் தருகிற அலுமினிய சிலிண்டரில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடைத்திருக்கும். கரையில் நிமிஷத்துக்கு இருபது லிட்டர் செலவழிக்கிற மனிதன் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஐம்பத்தாறு லிட்டர் செலவழிப்பான். மேலே வருவதற்கென்று கால் பங்கை ஒதுக்கிவிட்டால், அவனுக்குக் கிடைப்பது சுமார் அரைமணி நேரமே. பதற்றத்தோடு மூச்சு வாங்குபவனுக்கோ அதிலும் பாதிதான். என்னோடு படகில் வந்த திடகாத்திரமான இளைஞர்கள் பலர், நாலாபுறமும் கையை வீசி நீந்திக் காற்றையெல்லாம் தீர்த்துக்கொண்டு மேலே போய்விட, மெலிந்த தேகமுடைய ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் நிதானமாக மூச்சுவிட்டபடி கடைசிவரை கீழே இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

சும்மா இருக்கும் கலை

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. தகப்பனார் கட்டுமரத்தில் போனவர். முதல் நாள் பயிற்சி முடிந்து படகில் ஏறியதும், ஈரத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "சார், கைய ஆட்டாதீங்க. கைய மார்ல கட்டிக்குங்க. மூச்ச இழுத்தா ஏறுவீங்க, விட்டா எறங்குவீங்க. அவ்வளவுதான் வேல, மீதிய கடல் பாத்துக்கும்."

இந்த நான்கு வாக்கியங்களைச் செயலில் கொண்டுவருவதுதான் ஸ்கூபாவின் சாரம். இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளை வேண்டிய அளவுக்கு மேல் ஒன்றுகூட ஏற்றாமல், மிதவைச் சட்டையில் கொஞ்சங் கொஞ்சமாகக் காற்றைச் சேர்த்து, ஏறவுமின்றி இறங்கவுமின்றி நடுநீரில் நிற்கப் பழகிக்கொண்டால், உடம்பு கிடையாக நீண்டு, காலின் துடுப்பு மணலைக் கிளறாமல் இருக்கும். புதுவையின் அடிப்பரப்பு நுண்மணலும் சேறும் கலந்தது. ஒருவர் காலை உதைத்தால் பின்னால் வரும் நால்வருக்கும் கண் தெரியாது. இந்தத் தண்டனையே நல்ல ஆசானாக அமைந்து, நம் காலை நமக்கு அடக்கித் தந்துவிடுகிறது.

அப்படி அடங்கியிருந்த ஒருநாள் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். கான்கிரீட் கட்டை ஒன்றின் துவாரத்தில் கைத்தடிமன் உள்ள அஞ்சாலை மீன் ஒன்று தலையை மாத்திரம் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அஞ்சாலை வாயைத் திறந்தால் கடிக்கத் துணிகிறதென்று அஞ்சுவது வழக்கம். உண்மையில் அது செவுள்களுக்கு நீரைச் செலுத்தி மூச்சு விடுகிற காரியமே. நான் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மீட்டர் தூரத்தில் அசையாமல் நின்றேன். சற்றைக்கெல்லாம், வெள்ளைக் கோடுகளும் மயிரிழை போன்ற நீண்ட மீசைகளும் உள்ள சின்னஞ்சிறு இறால் ஒன்று கட்டையின் அடியிலிருந்து ஊர்ந்து வந்து, அஞ்சாலையின் கன்னத்தில் ஏறி, உதட்டைத் தாண்டி, அந்தப் பயங்கரமான பல் வரிசைக்கு உள்ளேயே போய், இடுக்கில் ஒட்டியிருந்ததையெல்லாம் கிள்ளிக் கிள்ளித் தின்னத் தொடங்கிற்று. அஞ்சாலையும் வாயை மூடாமல் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தது. திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவன் முன்னால் தெருவின் வியாபாரமெல்லாம் தானே நடந்தேறுவதுபோல, அசையாமல் நிற்கிற மனிதனுக்கு முன்னால் கடல் தன் நித்திய அலுவல்களைத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. துரத்திப் போகிறவனுக்குக் கலவாவும் கிளாத்தியும் வாலை மட்டுமே காட்டும்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் முதலில் விழுங்கிவிடுவது சிவப்பு; கீழே போகப் போக எல்லாம் நீலமும் சாம்பலுமாகிவிடும். ஆகவே சிறு கைவிளக்கு ஒன்றைக் கொண்டுபோவது மிக்க பயன் தரும்; கருத்துக் கிடந்த பாறைமேல் ஒளி பட்டவுடன் கடற்பஞ்சின் செம்மை எழும்புகிற அழகு சொல்லி முடியாது.

கயிறு பிடிக்கும் மைத்துனன்

முத்துக்குளித்துறையில், கடலுக்குள் இறங்குபவனின் கயிற்றைப் படகிலிருந்து பிடித்திருக்கும் பொறுப்பை அவனுடைய மைத்துனனிடமே கொடுப்பது வழக்கமென்று சொல்வார்கள். தன் சகோதரியின் தாலிக்காகவேனும் அவன் கயிற்றை விடமாட்டான் என்பது அதன் தாற்பரியம். ஸ்கூபாவிலும் தனியாகப் போவது என்பதில்லை. இருவர் இருவராகத்தான் போக வேண்டும். இறங்குமுன் ஒருவருடைய கருவியை மற்றவர் சோதித்துப் பார்ப்பதும், கீழே இரண்டு மூன்று துடுப்பு வீச்சுக்கு மேல் விலகாமலிருப்பதும், காற்றின் அளவை அடிக்கடி கேட்டுக்கொள்வதும் சம்பிரதாயமல்ல, உயிர்க்காப்பு. தூண்டில் நரம்பும் அறுந்த வலைகளும் நம் கடலில் ஏராளமாகக் கிடப்பதால், சிக்கினால் அறுப்பதற்கு ஒரு சிறு கத்தி இருவரில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

கைச்சைகைகளைக் கரையிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உயர்த்துவது நம் வழக்கத்தில் நன்றாயிருக்கிறதென்று பொருள். நீருக்கடியில் அதற்கு மேலே போகலாம் என்று அர்த்தம். ஆனந்த மிகுதியால் கட்டைவிரலை உயர்த்தி, வழிகாட்டியினால் உடனே மேலே கொண்டுவரப்பட்டு, ஏன் இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டீர்கள் என்று சண்டை போட்ட விருந்தினர்களை நான் பார்த்ததுண்டு.

புதுவைக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சனிக்கிழமை மாலை சென்னையிலிருந்து வந்து, இவ்வூரில் தாராளமாகக் கிடைக்கிற மதுவை இரவெல்லாம் அருந்திவிட்டு, ஞாயிறு விடியலில் படகில் ஏறுகிற வாலிபர்கள் பலர். மதுவினால் உடலிலுள்ள நீர் வற்றிப்போவதும் புத்தி தடுமாறுவதும் ஆழத்தில் இரட்டிப்பு ஆபத்து. முதல் நாள் இரவு சீக்கிரம் படுத்து, காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, படகு மயக்கம் வருமானால் அதற்குரிய மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போட்டுக்கொள்வதுதான் நான் கைக்கொள்ளும் முறை. பெரிய மீசை வைத்திருக்கும் அன்பர்கள் மூக்கின் கீழே சிறு இடைவெளி விட்டு மழித்துக்கொள்ளாவிட்டால், முகமூடிக்குள் தண்ணீர் கசிந்துகொண்டேயிருக்கும். வேஸலின் தடவுவது அரைகுறைப் பரிகாரமே. கண்ணாடி அணிபவர்கள், பார்வைக்கேற்ற வில்லை பொருத்திய முகமூடி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தீவுப் பிரயாணத்துக்குச் சில யோசனைகள்

பவழத்தீவில் நாள் ஒவ்வொன்றும் பணம். பதினெட்டு மீட்டர் வரை போக அநுமதிக்கும் ஆரம்பப் பயிற்சிக்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். அதைத் தீவில் போய்ச் செய்தால், விடுமுறையில் பாதி பாடப் புத்தகத்திலும் முழங்காலாழ நீரிலும் கழிந்துவிடுகிறது. நம் ஊரிலேயே பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் கடல் பயிற்சியையும் முடித்துச் சான்றிதழோடு போகலாம். அல்லது பாடத்தையும் குளப் பயிற்சியையும் மட்டும் இங்கே முடித்து, அதற்கான கடிதத்தோடு சென்று கடல் பகுதியைத் தீவில் முடிக்கலாம். ஒருநாள் அறிமுக முக்குளிப்பு என்பது வேறு. அதில் வழிகாட்டி உங்களைப் பிடித்தபடி பன்னிரண்டு மீட்டருக்கு மேற்படாத ஆழத்துக்கு அழைத்துப் போவார். அது ருசி பார்ப்பதற்கு மட்டுமே.

எங்கே கற்றாலும் நிலையத்தாரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டியவை சில உள்ளன: படகில் பிராணவாயு சிலிண்டர் இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், மாற்று ரெகுலேட்டர் ஒவ்வொருவருக்கும் உண்டா, ஆழத்திலிருந்து ஏறுவதால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை செய்யும் அறை எங்கே இருக்கிறது. சிலிண்டர்க் காற்றை நீங்களே முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை வந்தால் இறங்க வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவது க்ஷேமம்.

2018-ஆம் ஆண்டில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றப்பட்ட ஹாவ்லாக்குக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் போய் — இதுவும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் — அங்கிருந்து படகு மாறிப் போக வேண்டும். கப்பலில் போவதானால் மூன்று நாள் பிடிக்கும். தமிழ் பேசுவோர் அங்கே ஏராளமாக இருப்பதால் பாஷைக் கஷ்டம் இல்லை. தை முதல் சித்திரை வரை கடல் சாந்தமாயிருக்கும். திட்டம் வகுக்கும்போது முக்குளிப்பை முதல் நாட்களில் வைத்து, ஊர் சுற்றுவதைக் கடைசி நாளுக்கு ஒதுக்குங்கள். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் விமானம் ஏறினால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக் கூடும். ஒருமுறை முக்குளித்தவருக்குக் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவருக்கு 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். ஒரு முழு நாள் விட்டுவிடுவது இன்னும் நிம்மதி. இதே காரணத்தால்தான் மேலே வரும்போது நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேற்படாமல் மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று வருவதும். சாதாரணப் பிரயாணக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் ஸ்கூபாவுக்கு விலக்கு எழுதியிருக்கும். அதையும் படித்துப் பாருங்கள்.

என் மனைவிக்கு ஸ்கூபாவில் விருப்பமில்லை. ஸ்நார்க்கலில் அவள் என்னைவிட அதிகம் கண்டாள் என்றே சொல்வேன். மூச்சுக்குழாயும் கண்ணாடியும் மிதவைச் சட்டையும் அணிந்து நீர்மட்டத்தில் குப்புற மிதந்தால், சூரிய ஒளி முழுமையாக எட்டுகிற ஆழமற்ற பவழத்தை அதன் உண்மை நிறத்திலேயே காணலாம். அதற்குரிய ஜாக்கிரதைகள் கொஞ்சம்தான். புதுவையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவாதலால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்தமானில் அது இரண்டு மீட்டரை எட்டும். வற்றம் வந்தால் பவழத்தின்மேல் முழங்காலளவு நீர்தான் நிற்கும். அப்போது நீந்தினால் வயிறு கிழியும், பவழமும் உடையும். ஆகையால் ஏற்றத்தையொட்டிய வேளையைக் கேட்டறிந்து இறங்க வேண்டும். முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போய், களைத்த பிறகு ஓட்டத்தோடு திரும்ப வேண்டும். முதுகும் முழங்கால் மடிப்பும் வெயிலில் வெந்துபோகும். அதற்குக் களிம்புகளைவிட முழுக்கை நீச்சல் சட்டையே மேல். சில வெயில் களிம்புகளிலுள்ள ரசாயனங்கள் பவழத்துக்குத் தீங்கானவை என்று ஹவாய் மாநிலத்திலும் பலாவ் நாட்டிலும் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். அந்தமானில் முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் எவர் என்ன சொன்னாலும் இறங்காதீர்கள். அங்கே கடலில் நீந்தும் முதலைகள் நிஜமாகவே உண்டு.

பவழம் உயிருள்ளது

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. பவழப்பாறை என்பது பாறையல்ல. கடுகளவு முதல் விரல்நுனி அளவு வரையுள்ள கோடானுகோடி ஜீவன்கள் தம் உடலினின்று சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய நகரம். உருண்டைப் பவழங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. ஒரு மனிதன் தன் துடுப்பினால் ஒரே உதையில் உடைப்பது, அவன் தகப்பனார் காலத்திலிருந்து வளர்ந்ததாக இருக்கலாம். நீரின் உஷ்ணம் சற்றே கூடினாலும் பவழம் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் அந்தமான் கடல் இதைக் கண்டது. புறாத்தீவை 2003-இல் இலங்கை அரசு தேசியப் பூங்காவாக்கிய பின்னரும், ஆழமற்ற பவழத்தின்மேல் ஏறி நின்று இளைப்பாறுகிற விருந்தினர்களை நான் நேரில் பார்த்தேன். ஒரு தீவில் எங்கள் படகுக்காரர் மிதவைக் கயிற்றைத் தேடச் சோம்பிப் பவழத்தின்மேலேயே நங்கூரத்தைப் போட, படகிலிருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆட்சேபித்த பிறகே அதை எடுத்தார். வாடிக்கைக்காரர் கேட்டால் நடக்கும், கேட்காவிட்டால் நடக்காது.

நம் தமிழ்நாட்டிலேயே, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவில், சுண்ணாம்புக்காகப் பவழத்தை வெட்டி எடுத்ததன் பயனாக விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. 1986 முதல் அது கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. 2001-ஆம் ஆண்டு முதல் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமான காப்பைப் பெற்றிருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டேயானாலும் அதைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போவது குற்றமாகும்.

ஆகவே, பவழத்தீவுக்குப் போக ஆசைப்படும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாசி பிறந்ததும் புதுவையிலேயே முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நடுநீரில் அசையாமல் நிற்கப் பழகும்வரை தீவுக்கு டிக்கெட் வாங்காதீர்கள். போன இடத்தில் எதையும் தொடாதீர்கள், எதன்மேலும் நிற்காதீர்கள், எதையும் எடுத்து வராதீர்கள். இம்மூன்றும் கைவந்தவருக்கே பவழத்தீவில் இறங்க யோக்கியதை உண்டு.